டொமைன் வாங்கிவிட்டால் பெயர் நம்முடையதா?

"கம்பெனி பதிஞ்சாச்சு, ஜிஎஸ்டி நம்பர் வாங்கியாச்சு, டாட் காம் டொமைனும் எடுத்தாச்சு. இனி இந்தப் பேரை வேற யாரும் தொட முடியாதுல்லங்க மேடம்?"

கோவையில் டிரேட்மார்க் ஏஜென்டாக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. தொட முடியும் என்பதுதான் பதில். கேட்பவர்களின் முகம் அப்போது வாடிப்போவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கடை திறக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பெனிப் பதிவு ஒரு சட்டத்தில் நடக்கிறது, டிரேட்மார்க் பதிவு வேறொரு சட்டத்தில். ஜிஎஸ்டி வரிக்கணக்குக்கு மட்டும். வெப்சைட் முகவரியான டொமைனுக்குப் பின்னால் இருப்பது ஓர் ஒப்பந்தம்: நீங்கள் ஒரு பெயரைக் கேட்கிறீர்கள், அது காலியாக இருந்தால் பதிவு நிறுவனம் கொடுத்துவிடுகிறது. அது ஏற்கெனவே யாருடைய பிராண்ட் என்று அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டவேண்டும், அதிகபட்சம் 10 வருடத்துக்கு மொத்தமாகக் கட்டி வைக்கலாம். கட்ட மறந்தால் சில வாரங்கள் அவகாசம் தந்துவிட்டு, அடுத்து யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். ஆக, டொமைன் ரசீது கையில் இருப்பதால் மட்டும் அந்தப் பெயரின்மேல் சட்ட உரிமை வந்துவிடாது.

பெயருக்கான உரிமை வருவது இரண்டு வழியில். ஒன்று, டிரேட்மார்க் பதிவு. தமிழ்நாட்டு விண்ணப்பங்களுக்கு கிண்டியில் இருக்கும் அலுவலகம். தனிநபர், சிறுதொழில் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 9,000. மொத்தம் 45 வகுப்புகள், உங்கள் பொருள் எதில் வருகிறதோ அதில் போடவேண்டும். விண்ணப்பம் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியான பிறகு நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். பதிவானால் 10 வருடத்துக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். இரண்டாவது வழி, அந்தப் பெயரில் நாணயமாக வியாபாரம் செய்து வாடிக்கையாளர் மனதில் இடம் பிடிப்பது. பதிவே இல்லாவிட்டாலும் இந்த இரண்டாவது உரிமையைச் சட்டம் காப்பாற்றுகிறது. பலருக்கு இது தெரியாது.

நான் அதிகம் பார்க்கும் டொமைன் தகராறில் எதிரி வெளியூர்க்காரர்கூட இல்லை, வெப்சைட் போட்டுக்கொடுத்த ஆள். கரூரிலிருந்து ஒருவர் வந்தார். பெட்ஷீட், மேஜை விரிப்பு எல்லாம் ஜெர்மனிக்கு அனுப்புகிறவர். பையர்களின் ஆர்டர் எல்லாம் அவருடைய டொமைன் பெயரில் இருக்கும் ஈமெயிலுக்குத்தான் வரும். வெப்சைட் செய்தவரோடு பணத் தகராறு வந்ததும் ஒரு நாள் காலை மெயில் நின்றுபோனது. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸ் பக்கத்தைத் திறந்து அவருக்குக் காட்டினேன். பதிவுதாரர் நிறுவனம் என்ற வரியில் இவருடைய கம்பெனி பெயர் இல்லை, அந்த டிசைனர் கடையின் பெயர் இருந்தது. மற்ற விவரங்கள் எல்லாம் மறைக்கப்பட்டிருந்தன. 2018-க்குப் பிறகு பெரும்பாலும் அப்படித்தான்.

"நாந்தானுங்க மேடம் வருசா வருசம் காசு கட்டுறேன். அப்புறம் எப்படிங்க அது அவன் பேர்ல இருக்கும்?"

அவர் கட்டியது டிசைனருக்கு. டிசைனர் கட்டியது பதிவு நிறுவனத்துக்கு. பதிவு நிறுவனத்தின் கணக்கில் இந்தக் கரூர்க்காரர் என்று ஒரு மனிதரே இல்லை. அவரிடம் டிரேட்மார்க் பதிவும் கிடையாது. ஆனால் அவர் மகன் பழைய ஃபைலைத் தேடி ஒரு கொட்டேஷன் கொண்டுவந்தான். "டொமைன் பதிவு – தங்கள் நிறுவனத்துக்காக" என்று ஒரு வரி அதில் இருந்தது. கூடவே அந்தத் தொகைக்கான வங்கிப் பரிமாற்றம், பெயருடன் அச்சடித்த பழைய ஷிப்பிங் இன்வாய்ஸ்கள். இவற்றை வைத்து வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் ஆத்தரைசேஷன் கோட் வந்தது. அந்தக் கோட் இருந்தால்தான் டொமைனை நம் கணக்குக்கு மாற்ற முடியும். அதற்குள் மெயில் முடங்கிக் கிடந்த நாட்களில் போன ஆர்டரை யாராலும் திருப்பித் தர முடியாது. நியாயம் முழுக்க இவர் பக்கம் இருந்தும் மனிதர் இளைத்துப்போனார். எனக்கு அந்த டிசைனர்மேல் இன்றும் கோபம் உண்டு.

அந்தப் பழைய இன்வாய்ஸ்கள் ஏன் இவ்வளவு கனமானவை என்று புரிய, ஒரு சென்னைக் கம்பெனியின் வழக்கைச் சொல்லவேண்டும். சத்யம் இன்ஃபோவே என்ற கம்பெனியை நினைவிருக்கிறதா? டைடல் பார்க்கில் தலைமையகம், ஊரெல்லாம் சிஃபி ஐ-வே என்று பிரவுசிங் சென்டர்கள். சத்யம் இன்ஃபோவே என்ற பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்து அவர்களே உண்டாக்கிய சொல்தான் சிஃபி. 1999 ஜூனில் சிஃபிநெட், சிஃபிமால் என்றெல்லாம் டொமைன்கள் பதிந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு வெளியிட்டார்கள். அப்படிப் போன முதல் இந்திய இணையக் கம்பெனி அதுதான், பத்திரிகையெல்லாம் அதே பேச்சு.

2001-இல் இன்னொரு நிறுவனம் வந்தது. பெயர் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ். 2001-லும் 2002-லும் அவர்கள் பதிந்த டொமைன்களில் ஆங்கிலத்தில் ஓர் எஃப் மட்டும் கூடுதல். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். வழக்கு பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டுக்குப் போனது, அங்கே சத்யத்துக்குத் தடையுத்தரவு கிடைத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது: இரண்டு பேரும் செய்யும் தொழில் வேறு, வாடிக்கையாளர் குழம்பமாட்டார் என்பது அவர்கள் பார்வை. பிறகு உச்ச நீதிமன்றம்.

எதிர்த்தரப்பு சொன்ன விளக்கம் எனக்கு மறக்கவே மறக்காது. தங்கள் ஐந்து புரமோட்டர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் இந்தச் சொல் வருகிறது, சிஃபி என்று ஒரு கம்பெனி இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்றார்கள். நாஸ்டாக் வரை போன பெயரை, அதே இணையத் தொழிலில் இருப்பவர் கேள்விப்பட்டதே இல்லையாம். நீதிமன்றத்துக்கு இது நம்பும்படியாக இல்லை. 2004 மே 6-ஆம் தேதி நீதிபதிகள் ரூமா பாலும் வெங்கடராம ரெட்டியும் சத்யத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

அந்தத் தீர்ப்பு சொன்னது இதுதான். டொமைன் முதலில் கணினிக்கான முகவரியாக இருந்திருக்கலாம், இப்போது அது வியாபாரத்தின் அடையாளம். டொமைன் தகராறுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லைதான். அதற்காக, காப்பாற்ற வழியே இல்லை என்று ஆகிவிடாது. பாசிங் ஆஃப் என்று நம் நீதிமன்றங்களில் ரொம்ப நாளாக ஒரு பரிகாரம் உண்டு: தன் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பவரைத் தடுப்பது. டிரேட்மார்க் சட்டம் 27(2) பிரிவு அதை விட்டுவைத்திருக்கிறது. அதே பரிகாரம் டொமைனுக்கும் பொருந்தும் என்றார்கள். மூன்றைக் காட்டவேண்டும்: உங்கள் பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது, எதிராளி செய்வது குழப்பம் உண்டாக்குகிறது, அதனால் உங்களுக்கு நஷ்டம் வரும். பெயரை அரைகுறையாக நினைவு வைத்திருக்கும் சாதாரண மனிதர்தான் அளவுகோல். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எண்ணிப் பார்ப்பவரைக் கணக்கில் எடுக்கவில்லை. யார் முதலில் அந்தப் பெயரில் தொழில் செய்தார் என்ற கேள்விக்குத் தீர்ப்பில் பெரிய இடம் இருந்தது.

இதற்கு ஐந்து வருடம் முன்பே, 1999-இல், டெல்லி உயர் நீதிமன்றம் யாஹூவுக்கும் யாஹூஇந்தியா டாட் காம் வைத்திருந்தவருக்கும் நடந்த வழக்கில் இதே திசையில் போயிருந்தது. ஆனால் நாடு முழுக்கக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு சிஃபி வழக்கில்தான் வந்தது. என்னிடம் வருகிற சின்ன வியாபாரிக்கு நான் தைரியம் சொல்வது இதை வைத்துத்தான். பட்டா இல்லாமல் பரம்பரையாக உழுதுகொண்டிருப்பவனுக்கும் நிலத்தில் ஒரு பாத்தியதை உண்டு என்கிற மாதிரி, பெயரில் உழைத்தவருக்குப் பாத்தியதை உண்டு. நிரூபிக்கக் காகிதம் வேண்டும், அவ்வளவுதான். முதல் பில், முதல் விளம்பரம், முதல் பேக்கிங் கவர், எல்லாவற்றிலும் தேதி தெரியவேண்டும்.

கோர்ட்டுக்குப் போகாமலும் ஒரு வழி உண்டு. டாட் காம், டாட் நெட் போன்றவற்றை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த யுடிஆர்பி என்ற டொமைன் தகராறு நடைமுறை. டொமைன் வாங்கும்போது நாம் படிக்காமல் டிக் போடும் ஒப்பந்தத்தில் இதற்கும் சம்மதித்துத்தான் வாங்குகிறோம். புகார் கொடுப்பவர் மூன்றைக் காட்டவேண்டும்: டொமைன் என் மார்க்கை அப்படியே அல்லது குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான காரணம் இல்லை, அவர் தீய நோக்கத்தோடு பதிந்து தீய நோக்கத்தோடு பயன்படுத்துகிறார். எதிராளிக்குப் பதில் சொல்ல 20 நாள். ஜெயித்தால் டொமைன் உங்களுக்கு மாறும் அல்லது ரத்தாகும், நஷ்ட ஈடு கிடையாது. ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா.வின் அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவில் ஒரே நடுவர் விசாரித்தால் கட்டணம் 1,500 டாலர், நம் காசுக்கு ஒன்றேகால் லட்சத்துக்குக் குறையாது.

முதல் வழக்கு நமக்கெல்லாம் பரிச்சயமான டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்தம்தான். 1999 அக்டோபரில் கலிபோர்னியாக்காரர் ஒருவர் அந்த முழுப் பெயரில் டொமைனைப் பதிந்து, மூன்றாம் நாளே 1,000 டாலருக்குத் தருகிறேன் என்று கம்பெனிக்கே எழுதினார். 2000 ஜனவரியில் டொமைன் கம்பெனிக்குப் போய்விட்டது. அதே வருடம் ஆஸ்திரேலிய டெலிகாம் நிறுவனம் டெல்ஸ்ட்ரா தொடுத்த வழக்கு இன்னும் முக்கியம். அங்கே டொமைனைப் பதிந்தவர் எந்த வெப்சைட்டும் போடவில்லை, சும்மா வைத்திருந்தார். பொய்ப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சும்மா வைத்திருப்பதும் தீய பயன்பாடே என்றார் நடுவர். "நான்தான் ஒண்ணும் பண்ணலையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நம் டாட் இன் டொமைனுக்குத் தனி நடைமுறை: ஐஎன்டிஆர்பி. நிக்சி என்ற அமைப்பு 2005 முதல் நடத்துகிறது, ஒரே நடுவர். இதில் தீய நோக்கத்தோடு பதிந்தார் அல்லது பயன்படுத்துகிறார், இரண்டில் ஒன்றைக் காட்டினாலே போதும். உள்ளூர் வியாபாரிக்கு இது பெரிய வசதி. டாட் காமோடு டாட் இன்னையும் சேர்த்து எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2024 அக்டோபரில் ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் விஷயம் வந்தபோது என் தம்பி வயதுப் பையன்கள் பலர் அந்த டெல்லி டெவலப்பருக்காகப் பேசினார்கள். இரண்டு கம்பெனிகளும் இணையும் என்று ஊகித்து முந்திக்கொண்டு பதிந்தவர், கேம்பிரிட்ஜில் படிக்கப் பணம் கொடுத்தால் டொமைனைத் தருகிறேன் என்றார். படிக்கும் ஆசையை நான் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டு பேர் கட்டிய பெயர்களை ஒட்டவைத்து விலை பேசுவதற்கு உழைப்பு என்று பெயர் இல்லை. எதிரில் இருப்பவர் பணக்காரர் என்பதால் நியாயம் மாறாது. நாளைக்குக் கரூர்க்காரர் பெயரையும் ஒருவர் அப்படியே செய்வார், அவரிடம் வக்கீல் படை இருக்காது.

சரி, பெரிய கம்பெனிகள் எப்போதும் பாதிக்கப்பட்டவர்களா? இல்லவே இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஊசி நிசான் என்று ஒருவர் இருந்தார், பிறந்தது இஸ்ரேலில். நிசான் அவருடைய குடும்பப் பெயர். அந்தக் கார் கம்பெனி அமெரிக்காவில் டாட்சன் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே இவர் தன் பெயரில் தொழில் தொடங்கியவர். பிறகு நிசான் கம்ப்யூட்டர் என்று கடை வைத்து, 1994-இல் நிசான் டாட் காமைப் பதிந்தார். 1999 டிசம்பரில் நிசான் மோட்டார் அவர்மீது ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அவர் தன் தளத்தில் கார் சம்பந்தமான விளம்பரங்களைச் சில காலம் போட்டிருந்தார், அது கூடாது என்று கோர்ட் சொன்னது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கம்பெனியைக் குறைகூறி எழுதும் உரிமை அவருக்கு உண்டு என்றது. டொமைன் கடைசிவரை அவரிடமே இருந்தது. 2020-இல் கொரோனாவில் இறந்துபோனார். தன் அப்பன் பெயரைத் தான் வைத்துக்கொள்ள ஒரு மனிதர் பல வருடங்களைக் கோர்ட்டில் கழித்திருக்கிறார். படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை எனக்கு.

யுடிஆர்பியிலும் இது நடக்கிறது. யாரோ பத்து வருடம் முன்பு நல்லெண்ணத்தோடு எடுத்த டொமைனை, பிறகு வந்த கம்பெனி புகார் போட்டுப் பறிக்கப் பார்க்கும். டொமைன் வழிப்பறி என்று நடுவர் தீர்ப்பில் எழுதலாம், விதியில் அதற்கு இடம் உண்டு. எழுதியதோடு சரி. அபராதம் இல்லை, வழக்குச் செலவைக்கூடத் திருப்பித் தரவேண்டியதில்லை. இந்த ஒரு விதியை மாற்றியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தோற்றால் ஒன்றும் போகாது என்றால் பெரியவர்கள் முயன்று பார்க்கத்தான் செய்வார்கள்.

பெயர் தேர்வில் பாதி வழக்கைத் தவிர்க்கலாம். பாரத் மேட்ரிமோனி நடத்தும் சென்னை நிறுவனம், தமிழ் மேட்ரிமோனி போன்ற தன் பெயர்களைத் தேடினால் போட்டியாளர் விளம்பரம் வருகிறது என்று கூகுள்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2010-இல் தனி நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். தமிழ், மேட்ரிமோனி இரண்டும் பொதுச் சொற்கள், அதே சேவை தருபவர் அவற்றைச் சொல்லாமல் எப்படித் தொழில் செய்வார் என்பது ஒரு முக்கியக் காரணம். பாடகர் ஸ்டிங் 2000-இல் தன் பெயரிலிருந்த டொமைனைக் கேட்டு வைப்போவில் தோற்றதும் கிட்டத்தட்ட இதே காரணத்தால்தான், ஸ்டிங் என்பது ஆங்கிலத்தில் ஒரு பொதுச் சொல். கரூர் பெட்ஷீட்ஸ், ஈரோடு மஞ்சள் என்று டொமைன் எடுத்தால் தேடுபவர் கண்ணில் படும், உண்மைதான். ஆனால் அடுத்தவர் கரூர் பெட்ஷீட் ஸ்டோர் என்று எடுத்தால் நான் உங்களுக்காக வாதாட ஒன்றும் இருக்காது. சிஃபி மாதிரி அகராதியில் இல்லாத பெயராக இருந்தால் வாதமே பாதி முடிந்த மாதிரி.

கடைசியாக ஒன்று, இது அவசரம். "உங்கள் பிராண்ட் பெயரில் டாட் சிஎன், டாட் ஏசியா டொமைன்களைப் பதிய இன்னொரு கம்பெனி எங்களிடம் விண்ணப்பித்திருக்கிறது, உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் உடனே தெரிவிக்கவும்" என்று சீனாவிலிருந்து ஆங்கிலத்தில் மெயில் வரும். நீங்கள் பதறிப் பதில் போட்டதும், அந்த டொமைன்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பல மடங்கு விலை சொல்வார்கள். அந்த இன்னொரு கம்பெனி என்று ஒன்று கிடையாது. யார் என்ன பெயர் கேட்கிறார்கள் என்று பதிவு நிறுவனங்கள் ஊரைக் கூட்டிக் கேட்பதில்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். டிரேட்மார்க் ஜர்னலில் உங்கள் பெயர் வந்ததும் வெளிநாட்டு முகவரியிலிருந்து சர்வதேசப் பதிவுக் கட்டணம் என்று பில் வடிவில் கடிதம் வருவதும் இதே ரகம். திருப்பூரில் ஒரு கணக்காளர், முதலாளி கேட்பாரே என்று அதற்குப் பணமே கட்டிவிட்டார். அப்படி ஏதாவது வந்திருந்தால் பதில் போடாதீர்கள், பணம் கட்டாதீர்கள், கடிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.